அம்மனுக்கு முளைத்த தாடி

ஒரு தாடிக்காகக் கடல் தாண்டிப் போனவன் கரூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தாடி ஒரு வெண்கலக் காசில் இருந்தது. காசு இலங்கையில், ஊவா மாகாணத்தில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் இருந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேல் டிவிஷன்காரர்களும் கீழ் டிவிஷன்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். படித்தால் யார் பெயரை முதலில் எழுதினேன் என்று இன்னொரு வழக்கு கிளம்பும்.

நான் தபால் துறையில் கடிதம் பிரித்தவன். கோழி கிளறியது போன்ற கையெழுத்துகளையே காலமெல்லாம் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு கை நமநமத்ததால் பழங்காசுகளில் இறங்கினேன். அதிலும் ரோமானிய மாகாணக் காசுகள். ரோமாபுரியில் அடித்த காசுகளில் லத்தீன் இருக்கும். கிழக்கு மாகாணங்களில் ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகளில் கிரேக்கம் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் அந்த ஊர்ச் சாமி, சாமியைச் சுற்றி ஊர்ப் பெயர். எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. இருபத்து நான்கு எழுத்து தெரியும். இந்தக் காசுகளுக்கு அது போதும், ஏனென்றால் அதே நாலைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்த ரகசியத்தை நான் வெளியே சொல்வதில்லை. முகநூலில் என்னை அறிஞர் என்கிறார்கள்.

அந்த முகநூலில்தான் வம்பு வந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்க்கும் கவிதா என்ற பெண் ஒரு படம் அனுப்பினாள். உள்ளங்கையில் ஒரு காசு. உள்ளங்கை ரேகைகள் அற்புதமாகத் தெரிந்தன. ஆயுள் ரேகை கெட்டி. காசுதான் தெரியவில்லை. "எங்க அம்மாவுக்கு ஒரு ஒதவி செய்யணும் சேர். இதுல அம்மன் எந்தப் பக்கம்னு படிச்சிச் சொல்லணும்" என்று எழுதியிருந்தாள். காசின் ஓரத்தில் கூரை மாதிரி ஒரு எழுத்தும் கவட்டைக் குச்சி மாதிரி ஒரு எழுத்தும் மங்கலாகத் தெரிய, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நேரில் பார்த்தால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன்" என்று பதில் போட்டேன். வாய்க்கொழுப்பு. அடுத்த வாரமே "எப்ப வாறீங்க?" என்று கேட்டு எழுதிவிட்டாள்.

"அமராவதி ஆத்து மணல்ல கெடைக்காத காசா அங்க கெடைக்கப் போகுது?" என்றாள் என் மனைவி. பிறகு யோசித்துப் பார்த்து, "சரி, போயிட்டு வாங்க. வீடு கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கும்" என்று பையைத் தானே எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் மலை ஏறுவதைவிட யோசிப்பதுதான் அதிகம். வளைவுக்கு வளைவு நின்று, தான் எடுத்த முடிவு சரிதானா என்று பார்த்துக்கொள்கிறது. எனக்கு இறங்க வேண்டிய இடம் போய்விடுமோ என்ற பயம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்றேன். எதிரே இருந்த சிங்களப் பெரியவர் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியையிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆசிரியை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "பாவம், இந்த மனுஷனுக்கு மூலம் போலிருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை."

அதற்குப் பிறகு வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். ஆசிரியையும் எங்கோ இறங்கிப்போனார். ஹாலிஎலவில் பாதிப் பெட்டி காலியாவதைப் பார்த்ததும் வைராக்கியம் பறந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் குதித்தேன். ரயில் போன பிறகுதான் பெயர்ப்பலகையைப் படித்தேன். மூன்று மொழியில், ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்ற ஊழியர் ஆறுதலாகப் பேசினார். "பதுளையோட தண்டவாளம் முடிஞ்சிரும் சேர். தூங்கிட்டுப் போனாக்கூட தவறவிட ஏலாது."

ஆத்திரத்தில் என் பையின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். உள்ளே கருக்கென்று ஒரு சத்தம். எத்தனையோ வருடம் கூடவே இருந்த என் பூதக்கண்ணாடி மூன்று துண்டு. எழுத்து வாசிக்கப் போகிற அறிஞர், கண்ணில்லாமல் பஸ் பிடித்துப் பதுளை போய்ச் சேர்ந்தார்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பசிக்கு ஒரு பணிஸ், நம் ஊர்ப் பன், வாங்கினேன். மூன்று மூலையோடு அழகாக இருந்தது. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. இரண்டாவதையும் தின்று முடித்த பிறகுதான், அதில் பாதி மீன் என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. மூன்றாவதை வாங்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அங்கிருந்து இரண்டு கடை தள்ளி, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு நானாவின் கடை இருந்தது. முஸ்லிம் கடைக்காரரை அங்கே தமிழர்கள் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கண்ணில் சிறிய கறுப்பு லென்ஸ் ஒன்றைச் சொருகியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தபோதும் அதை எடுக்கவில்லை. என் மூக்கு அவருக்கு எப்படித் தெரிந்திருக்குமோ.

"செல்லுங்க சேர், என்ன வேணும்?"

"நீங்க கண்ல வச்சிருக்கீங்களே, அதுதான்."

"இது விக்கிறதுக்கு இல்ல. இது எண்ட கண்."

காசுக் கதையைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். "ஆ, அந்தத் தாடி கேஸா? பஸார் முழுக்கத் தெரிஞ்ச கதையாச்சே." லென்ஸை எடுத்து, துணியால் துடைத்து, ஒரு பழைய தீப்பெட்டியில் வைத்து நீட்டினார். "கொண்டு போங்க. ஊருக்குப் போகக்குள்ள தந்துட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் பெரிய மணிக்கூடா பாத்து செய்றன்." அவரவர் ஊரில் முன்பின் தெரியாதவனுக்கு யார் கண்ணைக் கழற்றிக் கொடுக்கிறார்கள்? திரும்பும்போது பத்திரமாகக் கொடுத்துவிட்டேன். அவர் எனக்காகச் சுவர்க்கடிகாரங்களோடு மல்லுக்கட்டிய நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை லுணுகலைக்குப் பஸ். வண்டியில் பாட்டு ஓடவில்லை, பாட்டுக்குள் வண்டி ஓடியது. நடுவே பசறையில் நிறுத்திவிட்டு டிரைவர் சாவகாசமாக ஒரு பிளேன்டீ குடித்தார். யாரும் கோபப்படவில்லை. கரூரில் இப்படி நடந்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். லுணுகலையிலிருந்து ஆட்டோ. அது ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றதும் டிரைவர் திரும்பி, "சேர் எறங்கினா ஏறிரும்" என்றார். இறங்கினேன். ஏறிவிட்டது, நான் இல்லாமலே. நான் பின்னால் நடந்து போனேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். லயத்து வாசலில் ராஜேஸ்வரி நின்றார். கவிதாவின் அம்மா. ஐம்பதைத் தொட்ட வயது, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், ஓர் இடத்தில் நிற்காத கால். என் கையைப் பிடித்து வரவேற்பார் என்று பார்த்தால், என் காலைப் பார்த்து, "மொதல்ல வேட்டியத் தூக்குங்க" என்றார். நான்கு அட்டைகள். ஒரு சவர்க்காரக் கட்டியை ஈரமாக்கி ஒவ்வொன்றின் மேலும் தேய்க்க, அவை மரியாதையாக விழுந்தன. "புது ஆளுன்னா அதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அது அவருடைய கணவர் முத்தையா. மெலிந்த மனிதர், சாய்வாக ஒரு நாற்காலியில் இருந்தார்.

தேத்தண்ணியும் கூடவே உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியும் கொடுத்தார்கள். சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி என்றேன். "அதான் தேத்தண்ணில போடலீங்களே, கைலதானே குடுத்தேன்" என்றார் ராஜேஸ்வரி. நக்கினேன். பிறகு ரொட்டி, மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பல், பலாக்கொட்டைக் கறி. அந்தச் சம்பலை நினைத்தால் இதை எழுதும்போதும் காதுமடல் சூடாகிறது.

சாப்பாடு முடிந்ததும் ராஜேஸ்வரி விஷயத்துக்கு வந்தார். சொன்னதை அப்படியே கோவையாகத் தருகிறேன்.

தோட்டத்தில் இரண்டு டிவிஷன், மேல், கீழ். நடுவில் ஃபெக்டரிக்குப் பக்கத்தில் கோவில். தேர் முதலில் எந்த டிவிஷன் லயங்களுக்குப் போவது என்பதை வருடா வருடம் அந்தக் காசைச் சுண்டித்தான் முடிவு செய்வார்கள். காசு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தார் என்பது மேல் டிவிஷன் கட்சி. மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது கிடைத்தது என்பது கீழ் டிவிஷன் கட்சி. எண்ணெயும் சந்தனமும் சாம்பிராணிப் புகையும் ஏறி, அது ஒரு கறுப்பு வடை போல இருந்தது. ஒரு பக்கம் வட்டமாக மேடு தட்டியிருந்ததால் அது அம்மன் முகம். மறுபக்கம் நெட்டுக்குக் குச்சி மாதிரி ஒன்று, அது சூலம். அம்மன் விழுந்தால் மேல் டிவிஷனுக்குத் தேர் முதலில், சூலம் விழுந்தால் கீழ் டிவிஷனுக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

போன வருடம் முத்தையாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். கோவில் பாத்திரங்களை வியாழன்தோறும் விளக்கி வைப்பது ராஜேஸ்வரியின் பொறுப்பு. "இந்த மனுசன் ஆஸ்பத்திரிலருந்து தன் கால்ல நடந்து வந்தா, தேரன்னைக்கி தீச்சட்டி எடுக்குறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டார். அவரும் நடந்து வந்தார். நன்றி தாங்காமல் ராஜேஸ்வரி அந்த வாரம் பாத்திரங்களோடு பாத்திரமாக, யாரும் தொடாத அந்தக் காசையும் புளி போட்டு விளக்கிவிட்டார்.

"அழுக்குப் போனதும் பாக்குறேன், அம்மனுக்குத் தாடி!" என்றார் அவர். "திருப்பிப் பாத்தா, சூலத்துக்குச் சேலை!"

மேடு தட்டிய பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். சூலம் நின்ற பக்கத்தில் ஒரு பெண். 'அம்மன் எங்கே இருக்கிறாளோ அதுதான் எங்கள் பக்கம்' என்று மேல் டிவிஷன் சொன்னது. 'சூலம் இருந்த பக்கம் எங்களுடையது, அதில் இப்போது அம்மன் வந்திருந்தால் அவள் எங்களைத் தேடி வந்தவள்' என்று கீழ் டிவிஷன் சொன்னது. தாடிக்காரரை இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். போன வருடம் தேர் வெளியே வரவில்லை. இந்த வருடமும் வராது போலிருந்தது.

"எங்கையால நானே கெடுத்துக்கிட்டேங்க" என்றார் ராஜேஸ்வரி. "வேண்டுதல் அப்படியே நிக்குது. இந்தாள் ராத்திரி இருமுனாக்கூட எனக்கு நெஞ்சு பதறுது. தேரு ஓடணும், நான் சட்டி எடுக்கணும். வேற ஒன்னும் எனக்கு வேணாம்." முத்தையா இருமலை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அதுவரை இருந்த விளையாட்டுத்தனம் கொஞ்சம் குறைந்தது.

வியாழக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போது, ராஜேஸ்வரி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். "எந்தப் பக்கம்னாலும் பரவால்லங்க சேர். ஏதாச்சும் ஒன்னச் சொல்லிருங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. முகவரி புரியாத கடிதத்தைக் குருட்டாம்போக்கில் ஒரு வீட்டில் போட்டவன் இல்லை நான். பார்க்காத எழுத்தைப் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாதிநாள் வேலையோடு நிறுத்திவிட்டு மத்தியானம் எல்லோரும் கோவிலுக்கு வந்துவிட்டார்கள். மேல் டிவிஷன் தலைவர் பெரியசாமி வலது பக்கம், கீழ் டிவிஷன் தலைவர் சிவலிங்கம் இடது பக்கம், நடுவில் பித்தளைத் தட்டில் காசு. நான் நானாவின் கண்ணை என் கண்ணில் சொருகிக்கொண்டேன். நெற்றி வியர்வையில் அது வழுக்கி இரண்டு தடவை தட்டில் விழுந்தது. விழும்போதெல்லாம் கூட்டம் "அரோகரா" என்றது.

ஆனால் காசு! அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. விளக்கியதில் பழமையின் பூச்சு போயிருந்தாலும் உருவம் கெடவில்லை. தாடிக்காரர் தலையில் இலை மாலை, பின்னால் அதன் முடிச்சு. அவர் முகத்துக்கு முன்னால் ஆல்பா, உப்சிலன், டௌ. பேரரசர் என்ற பட்டத்தின் சுருக்கம். பெயர் இருந்த இடம் தேய்ந்துவிட்டது. தாடி வைத்த ரோமப் பேரரசர்கள் ஒருவர் இருவர் இல்லை, அதனால் இவர் யார் என்று சொல்ல வழியில்லை.

"தலப்பாவப் பாருங்க, பழைய பெரிய கங்காணி மாதிரியே இருக்கான்" என்றார் சிவலிங்கம்.

"கங்காணி பக்கம் விழுந்தா எவன் தேர இழுப்பான்?" என்றார் பெரியசாமி. அந்தக் கூட்டத்தில் அன்று இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுபக்கம் அந்தப் பெண். தலையில் கோட்டை மதில் வடிவத்தில் கிரீடம், வலக்கையில் கப்பலின் சுக்கான், இடக்கையில் பழங்கள் வழியும் கொம்பு. ஊரின் அதிர்ஷ்டத்தைக் காக்கும் டைக்கி என்ற தெய்வம் என்று விளக்கினேன். பெண்கள் பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கிரீடம் கரகமாம். சுக்கான் கவ்வாத்துக் கத்தியாம், தேயிலைச் செடியை வெட்டிவிடுவார்களே, அந்தக் கத்தி. கொம்பு கொழுந்துக் கூடையாம். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கூடையத் தலைல மாட்டாம கக்கத்துல இடுக்கியிருக்கா. புதுசா பேர் பதிஞ்சவ போல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவளைச் சுற்றி ஊர்ப் பெயர். பின்பாதி தெளிவாக இருந்தது, 'பொலிஸ்' என்று முடியும் ஏதோ ஒரு நகரத்து மக்கள் என்று. முன்பாதியில் நான்கு எழுத்துகள் நிழல் போல இருந்தன. பிறையைப் போல ஒன்று, குச்சியைப் போல ஒன்று. சாய்ந்து விழும் காலை வெயிலில் வைத்துப் பார்த்தால் அந்த நான்கும் எழுந்து நிற்கும். அந்த ஆசையில் எனக்கு நாக்கு வறண்டது. அது எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிட்டால், ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காசு இருக்கும்.

"அப்ப அம்மன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் பெரியசாமி.

ராஜேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையே பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிஞர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினேன். ஒரு பக்கம் ஒரு ராஜா, மறுபக்கம் கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரின் தெய்வம், மாரியம்மன் இரண்டு பக்கத்திலும் இல்லை.

பிறகு சிவலிங்கம், "அம்மனே இல்லாத காசப் போட்டா இத்தன காலமும் தேர் விட்டோம்?" என்றார். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் காப்புக் கட்டுவதா, இந்த வருடமும் திருவிழாவை விடுவதா என்று பேசி முடிவு சொல்வதாகக் கூட்டம் கலைந்தது. இரண்டு டிவிஷன்காரர்களும் முதல்முறையாகச் சேர்ந்து நடந்தார்கள், என்னைத் திட்டிக்கொண்டு.

"உண்மைய சொல்லச் சொல்லி ஒங்கள யாருங்க கேட்டா?" என்றார் ராஜேஸ்வரி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். நான் என் நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று வியாழன் அல்லவா, பூசை நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாத்திரம் விளக்கியாக வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவர் குத்துவிளக்கு, தட்டு, மணி எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு பீலிக்குப் போனார். மலையிலிருந்து குழாய் போலத் தண்ணீர் விழும் அந்த இடத்தில், பெரிய கருங்கல் ஒன்று கிடந்தது. சமாதானம் பேசலாம் என்று நானும் போனேன். புளியைக் கரைத்துக்கொண்டே அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சேர், அதுல இருந்தத எல்லாம் எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா. முன்னாடி நாலு எழுத்துதான் பாக்கி. அதுலதான் ஊர்ப் பேர் இருக்கு."

"படம் புடிச்சிட்டீங்களா?"

எடுக்கவில்லை. என் போனில் இடமே இல்லை. பேரன் தவழ்வது, பேரன் சோற்றைத் துப்புவது, பேரன் தூங்குவது என்று அத்தனையும் நிரம்பிக் கிடந்தது. கூட்டத்தில் 'எல்லாவற்றையும் முறைப்படி பதிவு செய்வோம்' என்று பெரிதாகப் பேசியவன், போனில் இடமில்லை என்று எப்படிச் சொல்வது? காலை வெயிலில், சிலதை அழித்துவிட்டு, நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"எல்லாம் புடிச்சாச்சு. படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தா அந்த ஊரையும் கண்டுபிடிச்சிருவேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். "நீங்க போயி தேத்தண்ணி குடிங்க. அவரு தனியா இருக்காரு."

அவருக்குக் காசு எழுத்துகளில் ஆர்வம் வந்துவிட்டது என்று பெருமையோடு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கல்லில் ஏதோ கரகரவென்று தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பித்தளை விளக்கு ரொம்பக் கறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. நல்ல சாய்ந்த வெயில். போனில் பேரன் துப்புகிற ஏழு படங்களை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்துவிட்டு, லென்ஸும் கையுமாகக் கோவிலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். கூட்டம் கூடியது. பூசாரி தட்டைக் கொண்டுவந்தார். காசு அதில் பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் மஞ்சள் பூசியிருந்தது. பூசாரி திருப்பினார். மறுபக்கம் குங்குமம். அவர் அதை விரலால் துடைத்துப் பார்த்தார். அடியில் ஒன்றுமே இல்லை. தாடி இல்லை, கிரீடம் இல்லை, எழுத்து இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று, சட்டைப் பொத்தான் போல.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நிஜமான புளி முந்தின நாளே கரைக்கப்பட்டிருந்தது.

"ராஜேஸ்வரி, என்னா இது?" என்றார் பெரியசாமி.

"வெளக்கினேங்க." அவர் முன்னால் வந்து நின்றார். "போன வருசம் வெளக்குனேன், தாடி வந்துச்சு. இந்த வருசம் வெளக்குனேன், தாடி போயிருச்சு. ரெண்டும் என் கையாலதான், ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க. மஞ்சளும் அம்மனுதுதான், குங்குமமும் அம்மனுதுதான். இப்ப இதுல எந்தப் பக்கத்த நீங்க வேணாம்னு சொல்லுவீங்க?"

இரண்டு தலைவர்களும் காசைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல மாரியம்மன் கோவில் வாசலில் யாருக்கு வாய் வரும்? குங்குமத்தை வேண்டாம் என்றுதான் எவர் சொல்வார்? பெரியசாமி கடைசி முயற்சியாக என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க சொல்லுங்க. இது அதே காசுதானா?"

"அதே காசுதான்" என்றேன்.

"எழுத்து எங்க?"

ராஜேஸ்வரியின் விரல்களைப் பார்த்தேன். நுனி எல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவ்வளவு நேரம் தேய்த்திருக்கிறார்.

"அது வாசிச்சு முடிச்சாச்சுங்க. இனி அது எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

மேல் டிவிஷனுக்கு மஞ்சள், கீழ் டிவிஷனுக்குக் குங்குமம் என்று பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பூசாரி துடைத்த இடத்தில் மறுபடி குங்குமம் தடவி, காசைச் சுண்டினார். குங்குமம் விழுந்தது. கீழ் டிவிஷன்காரர்கள் குலவையிட்டார்கள். காற்று அடித்ததால்தான் அப்படி விழுந்தது என்று மேல் டிவிஷனில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அது வருடா வருடம் எழுகிற முணுமுணுப்பு என்றார்கள். அன்றைக்கே காப்புக் கட்டினார்கள். நான் கோவிலுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு எழுத்துக்காக அழுகை வந்தது உண்மை. அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொரு அட்டை ஏறியது, அதனால் அழுகையை முடிக்க முடியவில்லை.

"தேர் முடிஞ்சுதான் வருவேன்" என்று மனைவியிடம் போனில் சொன்னேன். "அவசரமே இல்ல" என்றாள்.

தேரன்று வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. ராஜேஸ்வரி மஞ்சள் சேலையில், வேப்பிலை சுற்றிய தீச்சட்டியைக் கையில் ஏந்திக் கீழ் டிவிஷன் லயங்களைச் சுற்றி வந்தார். பிறகு மேட்டில் ஏறி மேல் டிவிஷன். அத்தனை கூட்டத்தில் அவர் எவரையும் பார்க்கவில்லை. பின்னால் முத்தையா ஒரு தண்ணீர்ச் செம்போடு, ஒவ்வொரு அடியாக, தன் காலால் நடந்து வந்தார். மேட்டில் ஓர் இளைஞன் கைகொடுக்க வந்தபோது அவர் செம்பைத்தான் கொடுத்தார், கையைக் கொடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் எந்த எழுத்தும் என் நினைவில் இல்லை.

சட்டியை இறக்கி, தண்ணீர் ஊற்றி, மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சாம்பலும் வியர்வையும். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

"சேர், கேக்கணும்னே இருந்தேன். படத்தப் பெரிசாக்கிப் பாத்தீங்களா? அந்தப் பொம்பள எந்த ஊருன்னு தெரிஞ்சிதா?"

கேட்டுவிட்டு, தோல் உரிந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் முத்தையாவும் காத்திருந்தார்.

"தெரிஞ்சிருச்சும்மா" என்றேன். "நிக்கோபொலிஸ். கிரேக்கத்துல வெற்றியூர்னு அர்த்தம். படத்துல நாலு எழுத்தும் பளிச்சுனு இருக்கு."

"நல்ல ஊருங்களா?"

"நல்ல ஊர்மா. ரொம்ப நல்ல ஊர்."

அவர் முந்தானையால் முகத்துச் சாம்பலைத் துடைத்துக்கொண்டார். "அங்கயும் தேரெல்லாம் ஓடுமா சேர்?"

"ஓடாம இருக்குமா?" என்றேன்.